கடைசி வள்ளத்துக்கு முன்



நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு எனப்படும் என்று பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்வர். ஊர்காவற்றுறைக்கு மேற்கே, கடலிடையே அமைந்துள்ள எழுவைதீவில் வாழும் ஒரு தாயை வினவினால் அவள் தரும் வரைவிலக்கணம் வேறாயிருக்கும். கடைசி வள்ளத்தைத் தவறவிட்டால் அன்றிரவு வீடு திரும்ப இயலாத நிலமே தீவு என்பாள் அவள். அத்தீவிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு ஒரு நாட் களிப்பைத் தேடிப் புறப்படுவதாயின், அதற்கு எத்துணை ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்பதை இன்று எண்ணிப் பார்த்தல் பொருந்தும்.

பெரிய ஊஞ்சல்களும் சுழல் இராட்டினங்களும் நீர்ச் சறுக்கல்களும் ஒருங்கே அமைந்த கேளிக்கைப் பூங்காக்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் திவோலிப் பூங்கா 1843ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. சென்னைக்கு அண்மையில் கிஷ்கிந்தா 1995இல் தோன்றியது. வடபுலத்திலும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியே பளையைக் கடந்து சென்றால், இயக்கச்சியில் பண்ணையையும் பொழுதுபோக்கையும் ஒன்றுசேர்த்த றீச்ஷா என்னும் இடம் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. உடன்படிக்கும் பிள்ளையொருத்தி அங்கே போய் வந்த கதையைச் சொன்னால், எழுவைதீவுச் சிறுவனுக்கும் அவா எழாதிருக்குமா?

அவா எழுந்த அன்றே கணக்கும் தொடங்கிவிடுகிறது. எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வள்ளம். அங்கிருந்து வேலணை, அல்லைப்பிட்டி வழியாகவும் பண்ணைத் தாம்போதி மேலாகவும் யாழ்ப்பாணத்துக்கு பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து இயக்கச்சிக்கு மற்றொரு பஸ். காலை 7.00 மணிக்கு வள்ளம் புறப்படுகிறதென்றும், மாலையில் ஊர்காவற்றுறையிலிருந்து கடைசி வள்ளம் 5.30க்கு என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இடையிற் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் முற்பகல் 11.00 மணியளவிலேதான் இயக்கச்சியைக் காணலாம். துறைக்கு 5.00 மணிக்கேனும் வந்து சேரவேண்டுமாயின், பிற்பகல் 2.00 மணிக்கே இயக்கச்சி வீதியோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். வழியில் ஏழரை மணி நேரம். விளையாட்டுக்கு மூன்று மணி நேரம். அம்மூன்றிலும் சோறுண்ணவும், நுழைவுச்சீட்டுப் பெறவும், வரிசையில் நிற்கவும் போக எஞ்சுவது எவ்வளவு?

இனி, நாளைத் தெரிந்தெடுக்கும் இடர் ஒன்றுண்டு. பள்ளி விடுமுறை வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வரும். ஆகஸ்டில் சோழகம் வீசும், கடல் குமுறும். டிசம்பரில் வாடையும் மாரியும் சேரும். பங்குனி, சித்திரையிலே கடல் அடங்கிக் கிடக்கும். ஆயின் வெயில் கொளுத்தும். ஆதலால், ஊரவர் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நாள் குறிக்க, தீவார் அதனோடு காற்றையும் பார்த்து நாள் குறிக்கிறார்கள். குறித்த நாளின் விடியலிற் காற்று மாறிவிடின், முதல் நாளிரவு அவித்த இடியப்பமும் கட்டிய புளிச்சாதமும் வீட்டுத் திண்ணையிலேயே உண்ணப்படும்.

பெருஞ் செல்வமும் பேரறிவும் ஒருங்கே கூடிய இடத்திலும் ஏற்பாடு பிழைப்பதுண்டு என்பதை நினைத்து அவர்கள் ஆறுதல் அடையலாம். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி அமைத்த டிஸ்னிலாந்து, 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி திறக்கப்பட்டது. கள்ள நுழைவுச் சீட்டுக்களோடு பலர் உட்புகுந்தமையால், எதிர்பார்த்ததிலும் மிகப் பெருங்கூட்டம் சேர்ந்தது. நீர்க்குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், மலசலகூடங்களுக்கு நீர் தருவதா, குடிநீர்க் குழாய்களுக்கு நீர் தருவதா என்று தீர்மானிக்க நேர்ந்தது. மலசலகூடங்களே தெரிவாயின, குடிநீர்க் குழாய்கள் வறண்டு நின்றன. புதிதாக இட்ட தார் வெயிலில் இளகியது. அங்ஙனமாயின், வள்ளத்தை நம்பிப் புறப்படும் ஒரு குடும்பத்தின் திட்டம் சற்றே சரிவதில் வியப்பென்ன?

காத்திருத்தலின் துன்பத்தைப் பற்றி அறிஞர் ஆராய்ந்துள்ளனர். டேவிட் மைஸ்ரர் என்பவர் 1985இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, அளவு தெரிந்த காத்திருப்பிலும் நெடியதாகத் தோன்றும் என்றார். எழுவைதீவார் கடற்கரையில் நின்றே கண்டுகொண்ட உண்மை இது. தூரம் அவர்களை வருத்துவதில்லை. வள்ளம் வருமா, எப்போது வரும் என்ற ஐயமே வருத்துகிறது. அரை மணி பிந்தும் என்று முன்னரே ஒருவர் சொல்லிவிட்டால், பிள்ளைகள் சிப்பி பொறுக்கியேனும் அப்பொழுதைக் கழிப்பர். துறைகளில் நேர அட்டவணை தெளிவாக எழுதப்படுதலும், மாற்றம் நேரின் தொலைபேசி வழியே உடன் அறிவிக்கப்படுதலும், விடுமுறை நாட்களில் மாலையிற் பிந்திய சேவையொன்று நடத்தப்படுதலும் பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் தருவன.

இவற்றிலும் நுண்ணிய துன்பம் ஒன்று வீட்டினுள்ளே நிகழ்கிறது. இத்தகைய குடும்பத்தில் முதியவள் ஒருத்தி இருப்பாள். வள்ளத்தில் ஏறி இறங்கி, இரண்டு பஸ் மாறி, ஓட்டமும் நடையுமாய்த் திரும்புவது அவளால் இயலாது. “நான் வீட்டிலே நிற்கிறன் பிள்ளை, நீங்கள் போட்டு வாருங்கோ” என்று ஆச்சி சொல்லிவிடுவாள். நேரத்தை மிச்சம் பிடிக்க முதலில் விடப்படுபவள் அவளே. பிள்ளைகளை வளர்த்தெடுத்த கைகள், பிள்ளைகள் சிரிக்கும் நாளில் அருகில் இல்லாது போகின்றன. அந்நாளை முழுமையான நாள் என்று கூறலாமா?

ஆதலால், தீவுக் குடும்பத்தின் திட்டம் மறுதலையாக அமைதல் வேண்டும். எங்கே போகலாம் என்று தொடங்காமல், யார் யார் போகவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்று தொடங்கி, பின்னரே இடத்தைத் தேடல் நன்று. அவ்வாறு தேடின் வழிகள் இரண்டு தோன்றும்.

ஒன்று, இயக்கச்சிதான் வேண்டுமெனில், யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கி, இரண்டு நாட் பயணமாக்குதல். முதல் நாள் மாலை சுப்பிரமணியம் பூங்காவிற் பிள்ளைகள் ஊஞ்சலாடலாம், ஆச்சியும் இளைப்பாறலாம். மறுநாள் விடியலிற் புறப்பட்டால், கூட்டம் சேருமுன்பே வாயிலை அடையலாம்.

மற்றையது, அண்மையில் உள்ளதைத் தெரிதல். ஊர்காவற்றுறையிலிருந்து பாதை ஓடும் நாட்களில் அதில் ஏறினால், கடல் நடுவே நிற்கும் பழைய கடற்கோட்டையைப் பார்த்தவாறே காரைநகரை அடையலாம். சவுக்கு நிழலும் ஆழமற்ற நீரும் உடைய கசூரினாக் கடற்கரை அங்கே உண்டு. சுழல் இராட்டினம் இல்லையாயினும், ஆச்சி நிழலிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

எவ்வழியாயினும் சில ஒழுங்குகள் பொதுவானவை. உயிர்காப்பு அங்கி அணியாது பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றலாகாது. வாந்தி எடுப்போருக்கு ஒரு தேசிக்காயும், எல்லோருக்கும் தண்ணீரும், மாற்றுடுப்பும் பையில் இருத்தல் வேண்டும். காணவேண்டியவற்றுள் இரண்டை முன்னரே பிள்ளைகளே தெரிந்துகொள்ளட்டும். எஞ்சியவை கிடைத்தால் இலாபம். எல்லாவற்றையும் ஒரே நாளிற் பிடித்துவிட ஓடுகிறவன், எதையும் ஆறுதலாகப் பார்ப்பதில்லை.

மாலையில் ஊர்காவற்றுறைத் துறையில், கடைசி வள்ளத்துக்கு அரை மணி முன்பாகவே அக்குடும்பம் வந்து அமர்ந்திருக்கட்டும். கட்டிவந்த பனங்கட்டியில் ஒரு துண்டு இன்னும் மிஞ்சியிருக்கும். கடைக்குட்டி ஆச்சியின் மடியில் உறங்கிவிடுவான். மூத்தவள் நாளெல்லாம் கண்டதை மீண்டும் ஒருமுறை ஆச்சிக்குச் சொல்லத் தொடங்குவாள். ஆச்சியும் உடனிருந்து கண்டவளாதலால், அவள் தவறவிட்டதை எடுத்துக்கொடுப்பாள். வள்ளம் வரும்வரை அக்கதை போதும்.