கைப்பழக்கமும் மருத்துவ ஆராய்ச்சியும்

(கடலூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளித்து வருகின்றோம். அது செயற்பாலதே. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒன்று. இளநிலை வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள், விடுமுறைக் காலத்தில் சோதனைச் சாலையில் அமர்ந்து, நோயையும் மருந்தையும் பற்றித் தம் கையாலேயே ஆராய்வதற்குள்ள வழிகளையும், அவ்வழியில் நாமே இட்டிருக்கும் முட்டுக்கட்டைகளையும் சிறிது பேச விரும்புகின்றோம்.

ஆராய்ச்சி என்பது தலை நரைத்த பின் செய்வது என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கணையத்தினுள் தீவுகள் போலத் திட்டுத் திட்டாகக் கிடக்கும் உயிரணுக்களை 1869-ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டு எழுதியவர், பெர்லின் நகரில் மருத்துவம் பயின்றுவந்த பால் லாங்கர்ஹான்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 21. அத்திட்டுக்கள் எதன்பொருட்டு உள்ளன என்பதை அவர் அறியார். கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தார். பின்னர் 1921-ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங் என்னும் மருத்துவர்க்குத் துணையாகச் சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். பட்டப் படிப்பை முடித்த கையோடு வந்தவர், வயது 22. நாய்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளந்து குறிப்பது அவர் பணி. இன்சுலின் என்னும் மருந்துக்கு அக்கோடையின் உழைப்பே அடிகோலிற்று. 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவன் உடலிற் செலுத்தப்பட்டது. இங்கு வீற்றிருப்போர் இல்லங்களில் எத்தனை இல்லத்தில் அம்மருந்து இருக்கிறது என்று யாம் கேட்கப் போவதில்லை. கேட்டால் உயரும் கைகள் பலவாகும்.

கையால் கற்றல் நமக்குப் புதிதன்று. புவனகிரியிலும் சிதம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் முன்னோர் குழித்தறியில் அமர்ந்தே நெசவைக் கற்றனர். நூலைப் பற்றி நூல் படித்து நெய்யக் கற்றவர் நம் குலத்தில் ஒருவருமிலர். பாவில் ஓரிழை அறுந்தால், கண் காணுமுன் விரல் அறியும். அவ்விரலின் அறிவு தந்தை அருகிருந்து பல்லாண்டு பழகியதால் வந்தது. அத்தகைய மரபில் தோன்றிய பிள்ளைகள் இன்று செய்முறைப் பதிவேட்டைச் சென்ற ஆண்டு மாணவரிடம் கடன் வாங்கிப் பார்த்தெழுதி, உருப்பெருக்கிக் கருவியைத் தேர்வு நாளன்று மட்டும் தொட்டுப் பட்டம் பெற்று வருகின்றனர். இதில் பிள்ளைகளை மாத்திரம் குறை கூறுதல் தகாது. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்ட நாம், கையால் என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி, வழிகளைக் கூறுவோம். மருத்துவம், பல் மருத்துவம் பயில்வோர்க்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டு முதல் குறுகிய கால மாணவர் உதவித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, தாமே ஒரு கேள்வியை வகுத்து, இரண்டு திங்கள் ஆராய்ந்து, அறிக்கை எழுதுதல் வேண்டும். அண்ணாமலை நகரில் 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று தோன்றி, 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய நிலையத்தில், அரசுக் கட்டணத்தில் நம் பிள்ளைகள் பயில இன்று இயல்கிறது. அவர்களுள் எத்துணைப் பேர் இத்திட்டத்தின் பெயரையேனும் கேட்டிருக்கின்றனர் என்பது ஐயமே.

விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பயில்வோர்க்கும் வழி உண்டு. பெங்களூர், டில்லி, அலகாபாத் ஆகிய மூவிடத்து அறிவியற் கழகங்களும் ஒன்றுகூடிக் கோடை ஆராய்ச்சி உதவி அளித்து வருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாட்டின் பெரிய சோதனைச் சாலைகளில் ஒன்றில் இரண்டு திங்கள் பணிபுரியலாம். தொலைவுக்கு அஞ்சுவோர்க்கு அருகிலேயே இடங்கள் உள்ளன. பேராசிரியர் சேஷய்யா அவர்களின் முயற்சியால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தில் தோன்றிய கடல் உயிரியல் நிலையம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கடலுக்கும் மருத்துவத்துக்கும் யாது தொடர்பு என்பார்க்கு ஒன்று கூறுவோம்: கரீபியக் கடலில் வாழும் பஞ்சுயிரி ஒன்றிற் கண்ட பொருளைப் பின்பற்றியே, இரத்தப் புற்றுக்கு இன்று வழங்கும் சைட்டராபின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது.

வடக்கே, கடலூரினின்று ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் உள்ளது புதுச்சேரி. ஆங்கு 1975-இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் கொசுவையும் யானைக்கால் நோயையும் ஆராய்ந்து புகழ்பெற்றது. அந்நோயின் நுண்புழு இந்நாட்டில் இரவிலேதான் மேல்தோல் இரத்தத்திற்கு வரும். ஆதலின் உறங்கும் ஊரை நள்ளிரவை ஒட்டி எழுப்பி, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி உலர்த்தி, சாயமிட்டுப் பார்ப்பர். நூறு தகடுகளில் ஒன்றும் காணாமற் போகலாம். காணவில்லை என்பதையும் நேர்மையாக எழுதுதல் வேண்டும். இதனைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவனுக்கும், ஓரிரவு விளக்கு ஏந்திச் சென்றவனுக்கும் உள்ள வேற்றுமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

யானைக்காலைப் பேசியதால், நம் தருமவான்களின் செவிக்கு ஒன்று. அந்நோயைத் தடுக்க அரசினர் நம் வாயிலிலேயே வந்து கொடுத்த மாத்திரை டைஎத்தில்கார்பமசீன் என்பது. 1947-இல் அமெரிக்காவில் லெடர்லி நிலையத்தில் அதனை வெளிக்கொணர்ந்த குழுவினர்க்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திர நாட்டில் எளிய குடும்பத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். அவர் கடல் கடந்து ஹார்வர்டு செல்லப் பொருளுக்கு என் செய்தார்? மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் தருமத்தின் ஆதரவுமே துணையாயின. பின்னும் அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் இரவுக் கூலிவேலை பார்த்தே வயிறு வளர்த்தார். ஒரு தருமத்தார் ஓர் இளைஞனுக்குக் கொடுத்த உதவி, கால் நூற்றாண்டுக்குள் மாத்திரையாகி, நம் தென்னார்க்காட்டுத் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது.

தடைகளுக்கு வருவோம். மேற்கூறிய மருத்துவ மாணவர் திட்டத்தில் உதவித்தொகை, அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே கைக்கு வரும். அதுவரை உணவு, உறையுள், பயணம், சிறு செலவுகள் யாவும் குடும்பத்தின் தலையில். இல்லாதோர் வீட்டில் இஃதொன்றே போதும், பிள்ளை வாயைத் திறவாதிருக்க. உள்ளோர் வீட்டிலோ வேறு தடை. விடுமுறை வந்தால் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்ப ஆயிரக்கணக்கில் கட்டுவர். சோதனைச் சாலைக்கு அனுப்ப மனம் வாராது. பெண்ணாயின் சொல்லவே வேண்டா. மகளிர் கல்விக்கென்று இம்மேடையிற் கைதட்டிய தகப்பனாரே, இரண்டு திங்கள் புதுச்சேரியில் மகள் தங்குவதற்கு ஒப்பார். அவ்வூரில் நம் உறவினர் இல்லாத தெரு எது?

ஆதலின் நிர்வாக சபையார் முன் யாம் வைப்பது இது. கல்வி நிதியினின்று ஆண்டுக்கு நான்கு மாணவர்க்கு, அவருள் இருவரேனும் பெண்களாயிருக்க, இரண்டு திங்கட் செலவை முன்பணமாகக் கொடுத்தல் வேண்டும். உதவித்தொகை வந்தபின் இயன்றோர் திருப்பித் தரலாம். இயலாதோரை வற்புறுத்தல் கூடாது. கடன்பத்திரம் எழுதி வாங்குதல் வேண்டாமென்பதும் எம் கருத்து. சபையாருள் சிலர் இதனை ஒப்பார் என்பதை அறிவோம். அவர்களோடு வாதிட யாம் ஆயத்தமாகவே உள்ளோம். பணத்திற்கு எங்கே போவது எனின், நம் கல்யாணங்களில் இலையோடு குப்பைக்குச் செல்லும் பண்டங்களின் விலையைப் பந்திக்காரர் கணக்கிட்டுச் சொல்லட்டும். புதுச்சேரியிலும் பெங்களூரிலும் வாழும் அங்கத்தினர் தங்கள் இல்லத்தில் ஓர் அறை கொடுக்க முன்வந்தால், பணத்தினும் அது பெரிது.

மூன்று அறிவியற் கழகங்களும் கோடைக்குரிய விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே கோருகின்றன. அதற்கு ஆசிரியரின் பரிந்துரையும், மாணவர் தம் நடையில் எழுதிய கட்டுரையும் வேண்டும். கட்டுரையைப் பிறரைக்கொண்டு எழுதுவித்தல் கூடாது. மருத்துவ மாணவர், கல்லூரியின் நெறிமுறைக் குழுவினரின் இசைவைக் காலத்தோடு பெற்றுக்கொள்ளல் வேண்டும். நோயாளரைத் தொடும் ஆராய்ச்சிக்கு அஃதின்றி இடமில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதால், அவ்வவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்தே எழுத வேண்டும். விருப்பமுள்ள மாணவ மாணவியர் தம் பெயரையும், எந்நோயை அல்லது எப்பொருளை ஆராய விழைகின்றனர் என்பதை நான்கு வரியிலும் எழுதி, இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் கொடுக்கலாம். தாள் அவர் மேசை மேல் வைக்கப்பட்டிருக்கிறது.