கிணற்றடியில் ஒரு பெண்

மும்பை பாண்டுப்பில் ஸ்லோ லோக்கல் ஏறி, தாதரில் மாறி, சர்னி ரோட்டில் இறங்கினால் சௌபாத்தி. 1889-ல் அந்தப் பக்கத்தில்தான் பண்டித ரமாபாய் இளம் விதவைகள் படிப்பதற்காக 'சாரதா சதன்' தொடங்கினார்.

அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1870-களின் பஞ்சத்தில் தாய், தந்தை, அக்கா மூவரையும் பறிகொடுத்தார். மிஞ்சிய அண்ணனோடு ஊர் ஊராக நடந்தார். 1880-ல் அண்ணனும் போய்விட்டார். சாதி மீறிக் கலியாணம் செய்தார். இரண்டு வருஷம் ஆகுமுன்னே கணவரைக் காலரா கொண்டுபோனது. கையில் குழந்தை மனோரமா.

1883-ல் இங்கிலாந்து போனார். அங்கேதான் யோவான் சுவிசேஷத்தில் வரும் சமாரியப் பெண்ணின் கதை அவரைத் தொட்டது. ஊர் ஒதுக்கிய ஒருத்தி உச்சிவெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வருகிறாள். அவளிடம்தான் இயேசு தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். எல்லாரும் விலகிப்போகிறவளிடம் கை நீட்டிக் கேட்ட கடவுள்! அந்த வருஷமே வாண்டேஜ் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்.

உடனே மனம் நிறைந்துவிடவில்லை. மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். சுமார் எட்டு வருஷம் கழித்துத்தான் தேடிய சமாதானம் வந்தது.

சாரதா சதன் புனேக்கு மாறிய பிறகு, 1893-ல் அங்கே மதமாற்றப் புகாரால் எதிர்ப்பு எழுந்து, பெற்றோர் பலர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் தளரவில்லை. கேட்காவ் கிராமத்தில் 'முக்தி' இல்லம் எழுப்பி, பஞ்சத்தில் அநாதையான நூற்றுக்கணக்கான பெண்களைச் சேர்த்துக்கொண்டார். எளிய பெண்களுக்கும் புரியட்டும் என்று, 1922-ல் கண்மூடும் வரை வேதாகமத்தை மராத்தியில் பெயர்த்துக்கொண்டிருந்தார்.