குய்ப்புகை



கவிதையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் கத்தரிக்காய்க் கறியைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன், பேச்சு கவிதைக்குத்தான் வந்து சேரும்.

கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். புதிதாக இல்லறம் ஏற்ற பெண், கட்டித்தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்து நிற்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் நிறைகிறது. அவள் ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அதில் வரும் ‘குய்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்ட மாணவியிடம் ‘தாளிப்பு’ என்று கூறிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது என்பதே உண்மை.

என் அன்னை என்னை அடுப்பங்கரையில் நிற்க விட்டதில்லை. “நீ போய்ப் படி” என்பார். ஆய்வேடு எழுதிய ஆண்டுகள் முழுவதும் சோற்றுத்தட்டு என் மேசைக்கே வந்தது. அவர் மறைந்த பின், ஒரு ஞாயிறன்று அவருடைய கத்தரிக்காய்க் கறியை ஆக்க முனைந்தேன். பொடியை எடுத்த எடுப்பில் எண்ணெயில் கொட்டினேன், கருகிற்று. புளிக்கரைசலையும் உடனே ஊற்றினேன், காய் வேகவில்லை. கேட்டறிய ஆளில்லை.

பல ஞாயிறுகள் கழிந்தே முறை பிடிபட்டது. கால் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காயை நெடுக்கில் நறுக்கித் தண்ணீரில் போட வேண்டும், இன்றேல் கறுத்துவிடும். மல்லி 2 தேக்கரண்டி, கடலைப்பருப்பு 1, மிளகு அரை, மிளகாய் வற்றல் 3 ஆகியவற்றை இளந்தீயில் சிவக்க வறுத்து, இறுதியில் ஒரு பிடி தேங்காய்த் துருவலையும் புரட்டிக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து ஓய்ந்ததும் உளுத்தம்பருப்பு. பருப்புப் பொன்னிறமாகும்போது பெருங்காயம், கறிவேப்பிலை. இவற்றின் மணம் நீரைவிட எண்ணெயிலேயே நன்கு இறங்கும். பிறகு காய், மஞ்சள், உப்பு, மூடி. முக்கால் பதம் வெந்தபின் சிறிது புளிநீர். அது வற்றியபின்னரே பொடி.

பருப்புச் சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே சில நொடிகளே உள்ளன. அந்நொடிகளில் அடுப்பைவிட்டு அகல இயலாது. கூடலூர் கிழாரின் பெண் ஏன் ஆடையை மாற்றவில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அன்பின் மிகுதி, பழக்கமின்மை என்றெல்லாம் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். குய் காத்திராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த பொருள். மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். அதற்கு முன் உறைப்புக்குப் பெரும்பாலும் மிளகே. பழந்தமிழில் ‘கறி’ என்ற சொல் மிளகையும் குறிக்கும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பிளந்த மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து மிளகும் கறிவேப்பிலையும் கலந்த கறி ஒன்றைச் சொல்கிறார். என் அன்னை அந்நூலின் பெயரையும் கேட்டதில்லை. மிளகாய் இருக்க மிளகு எதற்கு என்று நான் ஒருமுறை வினவியபோது, “மிளகு போடாவிட்டால் அது கறியா?” என்றார். சிரித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினேன்.

சென்ற மாதம் மாதுளம் பிஞ்சு சில கிடைத்தன. வெண்ணெயில் வதக்கிப் பார்த்தேன். துவர்ப்பு மிகுதி, பிள்ளைகள் ஓரமாக ஒதுக்கிவிட்டனர். அடுத்த முறை மோரில் ஊறவைத்துப் பார்க்க எண்ணியுள்ளேன். இங்குள்ள கவிஞர்களில் எவரேனும் நல்ல வழி அறிந்திருந்தால் உணவு இடைவேளையில் கூறுங்கள்.