முயற்கூடும் இல்லறமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் சித்தாண்டி என்னும் பழம்பதி எதிர்ப்படும். முருகன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர் அது. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்வெளி. மாரியிற் பெருக்கெடுக்கும் முந்தனையாறு. ஊருக்குள்ளே வேலி சூழ்ந்த வளவுகள். வளவுதோறும் தென்னை, மா, முருங்கை. இவ்வளவுகளில் மாடும் ஆடும் கோழியும் தொன்றுதொட்டு வாழ்பவை. கூட்டில் வளரும் முயலோ சற்றே புதிய விருந்தாளி. அவ்விருந்தாளி ஒரு வீட்டுக்குள் வந்தால் அவ்வீட்டில் என்ன நிகழும் என்பதே இப்பேச்சின் பொருள்.

அத்தகைய வளவொன்றில் வாழும் குடும்பமொன்றை மனக்கண்முன் நிறுத்துக. கணவன் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயல்வேலை செய்பவன். மட்டக்களப்பு வழமைப்படி வீடு பெண்ணுக்குரியது. ஆதலின் மனைவியின் தாயும் அவர்களோடு வாழ்கின்றாள். பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் பள்ளிக்குச் செல்கின்றனர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கையில் காசில்லாத மாதங்கள் வரும். அந்த இடைவெளியை நிரப்புவதற்கென ஒருநாள் மாலை கணவன் சைக்கிளின் பின்னே பெட்டியொன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். பெட்டிக்குள்ளே வெள்ளை முயல் ஒரு சோடி.

அன்றிரவே கணக்குப் போடப்பட்டது. முயலின் சினைக்காலம் 31 நாள் அளவு. ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள். குட்டிகள் ஐந்தாறு மாதத்தில் தாமும் ஈனும் பருவம் எய்தும். மகளின் கொப்பியில் எண்கள் வரிவரியாக ஏறின. மனைவி கொப்பியைப் பார்த்துவிட்டு, “கணக்குச் சரிதான். புல்லறுப்பது ஆர்?” என்று கேட்டாள். அவ்வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

முயலை வைத்துக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர். இத்தாலி நாட்டுப் பீசா நகரத்துக் கணித அறிஞர் பிபொனாச்சி, 1202 ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே இதே வினாவை எழுப்பினார். ஒரு சோடி முயல் மாதந்தோறும் ஒரு சோடி ஈன்றால், பிறந்த சோடியும் இரண்டாம் மாதம் முதல் ஈனத் தொடங்கினால், ஓராண்டின் முடிவில் எத்தனை சோடி? விடை 377. கணிதத்துக்குப் பெரும்பயன் தந்த கணக்கு அது. ஆயினும் அக்கணக்கில் ஒரு முயலும் சாவதில்லை. எந்த முயலும் நீர் கேட்பதில்லை. கூட்டைத் துப்புரவாக்கும் கைகளுக்கு அங்கே இடமில்லை. வீட்டு முயல் வளர்ப்பில் நேரும் துன்பங்களிற் பெரும்பாலானவை, தாளிலே இடம்பெறாத இந்த மூன்றிலிருந்தே பிறக்கின்றன.

வளர்ப்பு முயலைப் பற்றிய தவறான எண்ணமொன்று முதலிற் களையத்தக்கது. நமது பற்றைக் காடுகளில் ஓடித்திரியும் முயல் வேறு. கூட்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் வெட்டவெளியிலே பிறக்கின்றன. வளர்ப்பு முயலின் முன்னோரோ ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் மண்ணுக்கடியில் வளை அமைத்து வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் உரோமமின்றி, கண் திறவாது பிறப்பவை. ஆகவே இருளும் குளிர்ச்சியும் அமைதியும் இம்முயலின் பிறப்புரிமை என்க.

தட்பவெப்பம் ஏற்குமிடத்தில் இப்பிராணியின் வலிமை வியப்புக்குரியது. 1859 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்களின் சந்ததி, சில பத்தாண்டுகளில் அக்கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவிப் பயிர்நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்தது. தமிழ்நாட்டிலே முயலினங்களை வளர்த்து ஆராயும் நிலையம், கொடைக்கானல் மலைமேல் குளிர்மிக்க மன்னவனூரில் அமைந்திருக்கின்றது. சித்தாண்டி மலையூர் அன்று. ஒரு கண்டத்தையே வென்ற அதே பிராணி, மட்டக்களப்புக் கச்சான் காற்றில், தகரக் கூரையின்கீழ், ஒரு நண்பகலைத் தாங்கமாட்டாது மடிந்துபோகும்.

கச்சான் என்பது மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து மேற்கிலிருந்து வீசும் வெங்காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் அது வீசும் நாள்களிற் கிணற்றடி வாழையும் வாடும். முயலுக்கு வியர்த்து உடலை ஆற்றும் வசதி இல்லை. அதன் நீண்ட செவிகளில் ஓடும் குருதியே உடற்சூட்டை வெளியேற்றுகின்றது. வெளிக்காற்றும் உடலளவு சூடாகிவிட்டால் செவிகளாலும் பயனில்லை. அவ்வேளை முயல் நீட்டிப் படுத்து, விரைந்து மூச்சுவிடும், வாயோரம் நனையும். அதற்குமேல் காலம் தாழ்த்தலாகாது. நிழலுக்குக் கொண்டுசென்று, செவிகளைக் குளிர்ந்த நீரால் நனைத்து, பருக நீர் வைத்தல் வேண்டும்.

சித்தாண்டி வீட்டிலே பெண் முயல் முதன்முறை ஈன்றதும் ஒரு கச்சான் நாளிலேதான். முதல்நாள் அது தன் வயிற்று உரோமத்தைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தையிட்டது. விடியலில் ஆறு குட்டிகள். வீடெங்கும் மகிழ்ச்சி. மகன் தன் தோழரை அழைத்துவந்து, பெட்டியைத் திறந்து திறந்து காட்டினான். அம்மம்மா, தாய்முயல் பெட்டிக்குள்ளே இருக்கக் காணாமையால், “இது குட்டிகளைக் கைவிட்டுவிட்டது” என்று கவலையுற்று, தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் அழுத்தினாள். நண்பகலில் நீர்ச்சிரட்டை கவிழ்ந்து கிடந்ததை எவரும் காணவில்லை. மூன்றாம் நாட் காலையில் குட்டிகள் நான்கு குளிர்ந்து கிடந்தன. இரண்டைத் தாயே கடித்திருந்தது.

மாலையில் கணவன் வந்தான். பெட்டியைப் பார்த்தான். “நீ வீட்டில்தானே இருந்தாய்? கொஞ்சம் பார்த்திருந்தால் சாகுமா?” என்றான். மனைவி ஒன்றும் மறுமொழி கூறவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவரைப் பற்றித் தமிழிலே பழமொழி உண்டு. குற்றம் யாருடையது என்ற வழக்கில் அவ்வீட்டிலே அன்று ஒவ்வொருவரிடமும் ஒரு மூன்றுகால் முயல் இருந்தது. மகள் தம்பியைக் குற்றம் சொன்னாள், தம்பி அழுதான், அம்மம்மா முயலைக் குற்றம் சொன்னாள்.

உண்மை யாது? தாய்முயல் குட்டிகளைக் கைவிடவில்லை. பகைப்பிராணிகள் வளையைக் கண்டுகொள்ளாமலிருக்க, அது குட்டிகளோடு தங்குவதில்லை. நாளுக்கு ஒருமுறை, சிலவேளை இருமுறை, சில நிமிடம் மாத்திரம் வந்து பாலூட்டிச் செல்லும். பசுவின் பாலைக் காட்டிலும் மும்மடங்குக்கு மேற் புரதம் உடையது முயற்பால். அச்சில நிமிடம் போதும். குட்டிகளின் வயிறு பறைபோல் நிறைந்திருந்தால் தாய் வந்துபோனாள் என்பதற்கு அதுவே சான்று. காலையில் ஒருமுறை, ஒருவர் மட்டும், ஓசையின்றிப் பார்த்து மூடினாற் போதுமானது. அச்சமும் தாகமும் கூடும்போது தாய்முயல் நிலைகுலைந்து குட்டிகளை மிதிக்கவும் கடிக்கவும் கூடும். அன்பு மிகுதியால் திறந்த கையும், அறியாமையால் அழுத்திய கையும், கவிழ்ந்த சிரட்டையும் சேர்ந்தே அந்த ஆறு உயிர்களையும் கொண்டுபோயின. ஒருவர்மீது சுமத்தத்தக்க குற்றமன்று அது.

முயலைப் பற்றி அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. வேட்டையாடப்படும் பிராணிகள் தம் நோயை மறைப்பவை. தளர்ந்தது என்று தெரிந்தால் பகைக்கு இரையாகும் என்னும் இயல்புணர்ச்சியால், முயல் நோயுற்றும் நோயற்றதுபோல் அமர்ந்திருக்கும். தீனி உண்ணாமல் விட்டு, புழுக்கை குறைந்த பின்னரே வளர்ப்போர் அறிவர்; அப்போது காலம் கடந்திருக்கும். ஆகவே முயலை வளர்ப்பவர் நாள்தோறும் காணவேண்டியது அதன் அழகை அன்று. அது நேற்று வைத்த தீனியை உண்டதா என்பதையே.

இம்முறையை அன்றிரவு வீட்டார்மீதே திருப்பிப் பார்த்தவள் அம்மம்மா. விளக்கடியில் மருமகனுக்குச் சோறு வைத்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்: “தம்பி, குட்டி செத்ததற்குக் காரணம் கேட்டீர்கள், சரி. இவள் இரண்டு நாளாய் மத்தியானச் சோறு தின்னவில்லை. அதை ஆரும் கேட்கவில்லையே.”

கணவன் கையிலெடுத்த கவளத்தை வைத்துவிட்டான். உண்மையிலே அவன் அறிந்திருக்கவில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நீரள்ளி, துணி வெளுத்து, தாய்க்கு மருந்து வாங்கி, ஆட்டைக் கட்டி அவிழ்த்து முடிந்த அவளது நாளிலே, முயலுக்குப் புல்லறுத்தலும் கூடு கழுவுதலும் எவரும் சொல்லாமலே வந்து சேர்ந்திருந்தன. வீட்டிலிருப்பவளுக்கு வேலை இல்லை என்ற எண்ணத்தாற் சேர்ந்த வேலை அது. வருவாய்க்கென வந்த முயல், அவள் உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தது. அவளும் முயலைப் போலவே தளர்ச்சியை மறைத்திருந்தாள்.

1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போருக்குப்பின், இம்மாவட்டத்திற் கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். அத்தகைய வீடுகளிற் கோழியோ ஆடோ முயலோ, சிறு வருவாய்க்கென்று வரும் ஒவ்வோர் உயிரும், ஏற்கெனவே சுமை தாங்கிய தோளின்மேலேயே வந்து அமர்கின்றது. உதவி செய்வோர் பிராணியைக் கொடுப்பதோடு நில்லாது, புல்லறுப்பது ஆர் என்ற வினாவையும் சேர்த்துக் கேட்பாராயின், அவ்வுதவி நிறைவுபெறும்.

மறுநாள் முதல் அவ்வீட்டில் வேலை பங்கிடப்பட்டது. வயலிலிருந்து திரும்பும் கணவன் வரம்புப் புல்லை அறுத்துவருவான். பனியும் மழையும் பட்ட ஈரப்புல் வயிற்றை ஊதச்செய்யும் ஆதலின், அதை நிழலில் வாடவிட்டு இடுவான். முருங்கை, அகத்திக் குழைகளும் அளவோடு இடப்படும். மகள் காலையிலும் பள்ளி விட்டு வந்தபின்னும் நீர் வைப்பாள்; கவிழாதபடி கனமான மண்சட்டி சிரட்டையின் இடத்தைப் பெற்றது. நண்பகலில் அம்மம்மா நனைத்த சாக்கைக் கூட்டின் வெயிற்பக்கத்தே தொங்கவிடுவாள். தகரத்தை நீக்கிக் கிடுகு வேயப்பட்டது. கூடு மாமர நிழலுக்கு மாறியது. கூட்டின் கால்களின்கீழ் நீர் நிறைத்த சிரட்டைகள் வைக்கப்பட்டமையால் எறும்பு ஏறவில்லை. கீரியும் பாம்பும் நுழையாதபடி கம்பிவலை நெருக்கி அடிக்கப்பட்டது. மகனுக்கு ஒரேயொரு வேலை: கூட்டருகே சத்தமிடும் தோழரை அப்பால் அழைத்துச் செல்லுதல். முயல் விற்கும் காசு மனைவியின் கையில் வருவது என்றும் முடிவாயிற்று.

முயல் இரண்டாம்முறை ஈன்றது. ஏழு குட்டிகளில் ஐந்து பிழைத்தன. பன்னிரண்டாம் நாளளவிற் கண்கள் திறந்தன. மூன்றாம் கிழமையிற் பெட்டியை விட்டு வெளிவந்து புல் கொறித்தன. அம்முறை தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று ஆண் முயலைத் தனிக்கூட்டில் வைத்தனர். ஆண்டுக்கு எத்தனை ஈற்று இயலும் என்னும் கணக்கைவிட, எத்தனை ஈற்றைத் தாயும் வீட்டாரும் தாங்குவர் என்னும் கணக்கே நல்ல கணக்கு. காதிலே சொறி கண்டபோது, கைமருந்து தேடி நாட்கடத்தாமல், அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டினர்.

விற்கும் நாள் வந்தபோது வேறொரு துன்பம் எழுந்தது. மகள் குட்டியொன்றுக்குப் பெயரிட்டிருந்தாள். விற்ற முயல் எங்கே செல்லும் என்று கேட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்வது எளிது. ஆயின் பொய் வெளிப்படும் நாளில் முயலோடு நம்பிக்கையும் போய்விடும். தாய் அவளை அருகிருத்தி உள்ளதை உள்ளபடி சொன்னாள்: சிலர் வளர்க்க வாங்குவர், சிலர் இறைச்சிக்கு வாங்குவர். பெயரிட்ட ஒன்று வீட்டிலே இருக்கட்டும், மற்றவை விற்கப்படும். ஆவணித் திருவிழாக் காலத்தில் வீடு விரதம் காப்பதால், அம்மாதம் எதுவும் விற்பதில்லை என்றும் குடும்பம் கூடி முடிவுசெய்தது. மகள் அழுதாள், பின்னர் ஏற்றுக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் கணவன் கூட்டின் கால்களை உயர்த்தினான். 2011 ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு மாவட்டத்தார் மறக்கமாட்டார். முந்தனையாறு பெருகினால் சித்தாண்டியிலே நிலத்தோடு நின்ற எந்தக் கூடும் தப்பாது. ஏந்திச் செல்லத்தக்க சிறு கூடொன்றும் தனியே செய்துவைக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் யார் எதைத் தூக்குவது என்று பேசியபோது, மகன் பெயர் பெற்ற முயலைத் தானே தூக்குவதாகச் சொன்னான். “முதலில் அம்மம்மாவின் கையைப் பிடி, மறுகா முயல்,” என்றாள் தாய்.

மாரி தொடங்கிய மாலையொன்றில், மழைச்சாரலுக்குச் சாக்கை இறக்கிக் கட்டிவிட்டுக் கணவன் உள்ளே வந்தான். முயல்கள் தீனி உண்டனவா என்று மகள் கேட்டாள். உண்டன என்றான் அவன். பின்னர் அடுப்படியை நோக்கி, “நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டான்.