வீடு கட்டும் முன் நமக்குத் தெரிய வேண்டிய வார்த்தைகள்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பதினேழு வருஷமா சித்தாள் வேலை பார்க்கிறேன். அரியலூர் சுண்ணாம்புக்கல்லுதான் சிமெண்டா ஊரெல்லாம் போகுது. பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி போகுது. சுமக்கிறது நாம, குழுக் கடனை அடைக்கிறதும் நாம. ஆனா வீட்டுப் பேச்சு வந்தா, "உனக்கு என்ன தெரியும்"னு ஒதுக்கிடுறாங்க. அதனால சில வார்த்தைகளை இங்கே சொல்றேன்.

முதலில் நிலம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. விற்று வாங்கியதைச் சொல்வது கிரயப் பத்திரம். இரண்டிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகணும். 'பவர்' எழுதிக் கொடுத்தால் மட்டும் நிலம் நமக்குச் சொந்தமாகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் போட்டுப் பாருங்க. பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய் மிச்சம். பத்திரத்தில் நம்ம பெயரும் நிற்கும்.

அடுத்து, 'சதுரம்'. ஒரு சதுரம் 100 சதுர அடி. கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, அதாவது 3.6 சதுரம். எங்க குழு அக்கா ஒருத்தர் ஒரு மேஸ்திரியிடம் சதுரக் கணக்கில் பேசி முடிச்சாங்க. வேலை முடியும் நேரத்தில் சன்ஷேடு தனி, படிக்கட்டு தனி, செப்டிக் டேங்க் தனின்னு சொல்லிட்டார். வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தாங்க. அதனால லேபர் மட்டுமா, மெட்டீரியலோடவா, எதெல்லாம் அடக்கம் என்று எழுதி வாங்குங்க.

சிமெண்ட் மூட்டையையும் படிங்க. 53 கிரேடு என்பது 28 நாளில் அது தாங்கும் அழுத்தத்தின் எண். பி.பி.சி. என்றால் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. தயாரித்த வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், பழசை வாங்காதீங்க. தளம் போட்டபின் ஓ.பி.சி.க்கு 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாளாவது ஈரம் காயாம தண்ணி கட்டணும். அதுதான் க்யூரிங். அதை விட்டா தளம் வெடிக்கும், பலமும் குறையும்.

கடைசியா, என்னைப் போலச் சித்தாள் வேலைக்குப் போறவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியுங்க. பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து உதவியும், 60 வயசுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. அட்டையைக் காலத்தோட புதுப்பிக்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவங்கவங்க பட்டாவைக் கொண்டு வாங்க. எல்லாரும் உட்கார்ந்து படிப்போம்.