தண்ணீர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்
(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

2020-இல் கொரோனா நேரம். சென்னையில் வேலை போய் என் மகன் வீடு திரும்பினான். தினமும் மாலையில் "ஏதாவது பதில் வந்ததா?" என்று கேட்பேன். பத்தே நாளில் அவன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். தப்பு என் மேல்தான்.

அந்த ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தார்கள். குறுவைக்கு உரிய நாளில் திறந்தது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். 2012 முதல் 2019 வரை தண்ணீர் தாமதம்தான். அதற்காக நம் டெல்டா விவசாயி திண்ணையில் உட்காரவில்லை. போர் உள்ளவர் குறுவை நட்டார். இல்லாதவர் புழுதி உழவு ஓட்டி, சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்தார். தண்ணீர் அவர் கையில் இல்லை, உழவு இருந்தது.

மகனிடம் ஒரு நீள நோட்டு கொடுத்தேன். பாங்கு லெட்ஜர் மாதிரி: தேதி, கம்பெனி, யாரிடம் பேசினான், மறுபடி எப்போது கேட்பது. வாரம் ஐந்து விண்ணப்பம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் பார்க்கச் சொன்னேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். மாலையில் நான் கேட்ட கேள்வியும் மாறியது: "இன்றைக்கு என்ன எழுதினாய்?"

ஏழாம் மாதம் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஆனால் வீட்டில் பேச்சு திரும்பியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை தேடும் பிள்ளையை லிஃப்டில் பார்த்தால் "கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஆள் எடுத்தால் சொல்லுங்கள்.