நிலா மண்ணும் நாமக்கல் பாறையும்

(சூலக்கரையில் நடந்த நமது இளைஞர் கூட்டத்தில் ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, ஷேர் பண்ணுங்க.)



நம்ம பக்கத்துக் கரிசல் மண்ணு எப்படின்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மழை பெஞ்சா செருப்போட காலைப் பிடிச்சுக்கும், வெயில் அடிச்சா பாளம் பாளமா வெடிச்சிரும். மண்ணோட குணம் தெரியாம இங்க யாரும் விதைக்கவும் மாட்டோம், வானம் தோண்டவும் மாட்டோம். நிலாவுல வண்டி இறக்குறதுக்கும் கணக்கு அதேதான். மொதல்ல மண்ணோட குணம் தெரியணும்.

நிலாவுல காத்து இல்ல, ஓடுற தண்ணி இல்ல. கோடிக்கணக்கான வருஷமா விண்கல் விழுந்து விழுந்து பாறை பொடியாகியிருக்கு. நம்ம ஆத்து மணலு உருண்டு உருண்டு மழுங்கிப் போயிருக்கும். நிலாத் தூசியோ உடைஞ்ச கண்ணாடி மாதிரி கூர்மையா இருக்கும், எது மேலயும் ஒட்டிக்கும். அப்போலோவுல போனவங்க கலத்துக்குள்ள திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழட்டினதும், வெடிச்சு முடிஞ்ச மருந்து வாசனை அடிக்குதுன்னு சொன்னாங்க. அந்த வாசனையைச் சிவகாசிக்காரங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சந்திரயான்-2-க்கு லேண்டரையும் ரோவரையும் சோதிக்கணும். சக்கரம் புதையுமா, கால் நிக்குமான்னு பாக்கணும். அதுக்கு டன் கணக்குல மண்ணு வேணும். 1969-ல இருந்து 1972 வரைக்கும் ஆறு தடவை இறங்கி அமெரிக்கா கொண்டு வந்ததே மொத்தம் 382 கிலோதான். வெளிநாட்டுல விக்கிற செயற்கை நிலா மண்ணு வாங்கினா விலை கட்டுப்படியாகாது.

வழி எங்க இருந்துச்சு தெரியுமா? நாமக்கல் மாவட்டத்துல. சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்கள்ல அனார்த்தோசைட்னு ஒரு வெளிர் நிறப் பாறை இருக்கு. நிலாவோட மேட்டு நிலப் பாறையும் அதே வகைதான். இதை ஆராய்ஞ்சு சொன்னது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோட புவியியல் துறை, பேராசிரியர் அன்பழகன் குழு. பாறையை உடைச்சு, அரைச்சு, நிலா மண்ணுல எந்த அளவு துகள் எவ்வளவு இருக்கோ அதே கணக்குக்குக் கொண்டு வந்தாங்க. சுமார் 50 டன் மண்ணு பெங்களூருக்குப் போச்சு. நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானே, அதனால ஹீலியம் பலூன் கட்டி ரோவரோட எடையைக் குறைச்சு அந்த மண்ணுல ஓட்டிப் பாத்தாங்க.

இஸ்ரோ, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. மூணு இடத்து ஆளுங்களும் சேந்து செஞ்ச இந்த வேலைக்கு 2014-ல விண்ணப்பிச்சு, 2020 மே மாசம் இந்தியக் காப்புரிமை கிடைச்சது.

சந்திரயான்-2 லேண்டர் மெதுவா இறங்க முடியாம விழுந்துச்சு. ஆனா 2023 ஆகஸ்ட் 23-ம் தேதி, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-3 தென்துருவம் பக்கம் பத்திரமா இறங்குச்சு. 26 கிலோ பிரக்யான் ரோவர் 23 இடத்துல மண்ணை அளந்துச்சு. 2024-ல நேச்சர் இதழ்ல முடிவு வந்துச்சு: அங்க இருக்கிறது பெரும்பாலும் அனார்த்தோசைட் வகை மண்ணுதான். நாமக்கல் பாறையை எடுத்தது சரின்னு நிலாவே சாட்சி சொல்லிருச்சு.

“நிலா மண்ணு நமக்கு என்னப்பா சோறா போடும்?”னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அந்த மண்ணோட எடையில 40 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன். பாறைக்குள்ள கட்டுண்டு கிடக்கு. அதைப் பிரிச்சா மூச்சுக் காத்தும் ஆச்சு, ராக்கெட் எரிய வைக்கவும் ஆச்சு. அலுமினியம், இரும்பு, சில இடத்துல டைட்டானியமும் இருக்கு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் இஸ்ரோவும் செயற்கை நிலா மண்ணோட பாக்டீரியா, யூரியா, கொத்தவரைப் பிசின் சேத்துக் கல்லு செஞ்சு காட்டியிருக்காங்க. 2022-ல ஃபுளோரிடாவுல அசல் நிலா மண்ணுலயே கடுகு வகைச் செடி முளைக்க வச்சாங்க. முளைச்சது, ஆனா திணறித்தான் வளந்துச்சு. அடுத்து சந்திரயான்-4 மண்ணையே அள்ளிட்டு வரப் போகுது. 2024 செப்டம்பர்ல 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தாச்சு.

இப்போ நான் கேக்குறேன். இந்த வேலையைச் செஞ்சது யாரு? கோடிக்கணக்குல ஃபீஸ் வாங்குற யுனிவர்சிட்டியா? இல்ல. கிராமத்துப் பிள்ளைங்க படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம்! “ஜியாலஜி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?”னு நாம ஒதுக்குற அந்தத் துறை!

அதனால நம்ம கோரிக்கை ரெண்டே ரெண்டு.

ஒண்ணு: அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நிதியும் ஆசிரியர்களும் ஆய்வகமும் குறையக் கூடாது. லேப் பூட்டிக் கிடந்தா அடுத்த சித்தம்பூண்டியைக் கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

ரெண்டு: நிலாத் தூசி விண்வெளி வீரர் நுரையீரலுக்கு என்ன செய்யும்னு உலகமே ஆராயுது. சந்தோஷம். அதே அக்கறையோட, மருந்து அறையில அலுமினியப் பொடியிலயும் கந்தகத்திலயும் கை வைக்கிற நம்ம அக்கா அண்ணன்மாருக்காக, இந்த மாவட்டத்திலயே ஒரு ஆராய்ச்சி நடக்கணும். அதுல நம்ம கல்லூரிப் பிள்ளைங்க வேலை பாக்கணும்.

தம்பி தங்கச்சிகளே, அட்மிஷன் நேரத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் பாக்காதீங்க. காலுக்குக் கீழ கிடக்கிற கல்லைப் படிச்சவங்கதான் நிலாவுக்கு வழி காட்டுனாங்க.



#அரசுப்பல்கலைக்கழகம்_நம்_உரிமை
#சூலக்கரை